போனவர்கள் கணக்கு, இருப்பவர்கள் கணக்கு

வாசகர் கேள்வி - பதில்

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் ஆள் எடுப்பது, சம்பளப் பட்டியல் போடுவது இரண்டையும் பார்த்து ஓய்வு பெற்ற நம் பத்தி எழுத்தாளர், கொழிஞ்சாம்பாறையிலிருந்து பதில் எழுதுகிறார். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஆள் ஏன் தங்குவதில்லை, அதைப் பதிவேடுகளிலிருந்து கண்டுபிடிக்க முடியுமா என்பதைப் பற்றியே. கேட்டவர்களின் பெயர்களை அவர்கள் வேலையை முன்னிட்டு வெளியிடவில்லை.

எங்கள் கம்பெனியில் 140 பேர். போன வருஷம் 60 பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். சம்பளத்தைக் கூட்டினால் தங்குவார்களா என்று முதலாளி கேட்கிறார். பயோமெட்ரிக் வருகை, சம்பளப் பட்டியல் எல்லாம் எக்செலில் இருக்கிறது. எங்கே ஆரம்பிப்பது மேடம்?
- அலுவலக நிர்வாகி, கஞ்சிக்கோடு

60-ஐ 140-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 43 சதவீதம். அந்த எண்ணை மட்டும் முதலாளி மேஜையில் கொண்டுபோய் வைக்காதீர்கள். அது அவரைப் பயமுறுத்தும், அதற்கு மேல் ஒன்றும் சொல்லாது.

போன 60 பேருக்கும் சேர்ந்த தேதி, போன தேதி இரண்டையும் பக்கத்தில் போட்டு, எத்தனை நாள் இருந்தார்கள் என்று கழித்துப் பாருங்கள். அடுத்த கட்டங்களில் எந்த மெஷின், எந்த ஷிப்ட், யார் சூபர்வைசர், எந்த ஊரிலிருந்து வருகிறார் என்று எழுதுங்கள். 60 பேர் போனார்கள் என்பதற்காக 60 இடம் காலியானது என்று அர்த்தமில்லை. அதே 15 இடங்களில் நாலு நாலு பேராக வந்து போயிருக்கலாம், மீதி 125 பேர் அசையாமல் இருந்திருக்கலாம். நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் இப்படித்தான் இருந்தது. அப்படியானால் அந்த 15 இடங்களில் ஏதோ கோளாறு. ஃபர்னஸ் பக்கத்து வெக்கையாக இருக்கலாம். வாய்க்கு வந்தபடி திட்டுகிற ஒரு ஃபோர்மேனாக இருக்கலாம். இரண்டாவது ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் வேலந்தாவளம் பக்கம் போக பஸ் இல்லை என்பதாகவும் இருக்கலாம். 140 பேருக்கும் சம்பளம் கூட்டினாலும் அந்த பஸ் வரப்போவதில்லை.

இன்னொன்று. போனவர்களை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் தப்பான இடத்தில் போய் நிற்பீர்கள். "போனவர்கள் சராசரியாக நாலு மாதம் இருந்தார்கள்" என்று ஒருவர் சொல்வார். ஆனால் பத்து வருஷமாக இருப்பவர்கள் அந்தச் சராசரியில் இல்லை, மூன்று மாதம் முன்பு சேர்ந்து இன்னும் வேலை செய்பவரும் இல்லை. அதனால் சேர்ந்த மாதத்தை வைத்துப் பிரியுங்கள். ஜூனில் சேர்ந்த 8 பேரில் 90-வது நாள் எத்தனை பேர் இருந்தார்கள்? ஜூலையில் சேர்ந்தவர்களில்? இன்னும் 90 நாள் ஆகாதவர்களை இந்தக் கேள்வியில் சேர்க்காதீர்கள், அவர்கள் பதில் இனிமேல்தான் வரும். முதல் 90 நாளிலேயே போகிறார்கள் என்றால், ஆள் எடுக்கும்போது வேலையைப் பற்றி என்ன சொல்கிறீர்கள், முதல் வாரம் யார் பக்கத்தில் நின்று கற்றுக்கொடுக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். மூன்று வருஷம் கழித்துப் போகிறார்கள் என்றால்தான் சம்பளமும் பதவி உயர்வும் பேச்சுக்கு வரும்.

அப்புறம் காலண்டர். நம் பக்கத்து ஆலைகளுக்கு ஒரே காலண்டர் கிடையாது. மலையாளிகள் ஓணம் போனஸை வாங்கிக்கொண்டு போவார்கள், நம்மவர்கள் தீபாவளி போனஸுக்காகக் காத்திருப்பார்கள், பீகார்ப் பையன்கள் சட் பூஜைக்கு ஊருக்குப் போனால் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை. முதலமடைப் பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு மாங்காய்ப் பருவம் ஒன்று இருக்கிறது. பறிக்கவும் பெட்டி கட்டவும் அன்றன்றைக்குக் கையில் காசு. மாதவாரியாகப் போட்டுப் பார்க்காமல் "திடீரென்று ஆள் குறைந்துவிட்டது" என்று பதறுகிற மேலாளர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அது வருஷா வருஷம் அதே மாதத்தில்தான் குறைந்துகொண்டிருந்தது.

முதலாளியின் கேள்விக்கு வருவோம். சம்பளம் கூட்டினால் தங்குவார்களா? அமெரிக்காவில் ஃபோர்டு கார் கம்பெனி 1913-ல் நகரும் அசெம்பிளி லைனைக் கொண்டுவந்தது. ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்கிற அலுப்பில் ஆட்கள் ஓடினார்கள். ஏறக்குறைய 14,000 பேர் வேலை செய்த இடத்துக்கு அந்த ஒரே வருஷத்தில் 50,000-க்கும் மேற்பட்டவர்களை எடுக்க வேண்டியிருந்தது. வெளியேற்றம் 370 சதவீதம். 1914 ஜனவரியில் ஒரு நாளைக்கு 5 டாலர் என்று அறிவித்தார்கள், அது அதுவரை கொடுத்ததைப் போல இரண்டு மடங்கு. 9 மணி நேர வேலையையும் 8 ஆகக் குறைத்தார்கள். வெளியேற்றம் சட்டென்று விழுந்தது. ஆக, சம்பளத்துக்கு அந்தச் சக்தி உண்டு. ஆனால் அந்த உயர்வின் அளவையும் வேலை நேரம் குறைந்ததையும் சேர்த்துப் பாருங்கள். மாதம் 500 ரூபாய் கூட்டிவிட்டு அதே பலனை எதிர்பார்க்க முடியாது. அந்த 5 டாலரில் பெரும்பகுதி லாபப் பங்கு என்ற பெயரில் வந்தது, அதைப் பெறத் தகுதி உண்டா என்று தொழிலாளர் வீட்டுக்கே ஆள் அனுப்பி விசாரித்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வீட்டு விசாரணையை யாரும் பின்பற்ற வேண்டாம்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. ஆறு பேர் உள்ள குழுவில் ஒருவர் போனால் 17 சதவீதம், இரண்டு பேர் போனால் 33. அந்த எண்ணை வைத்து ஒரு சூபர்வைசரை நிற்க வைத்துக் கேள்வி கேட்காதீர்கள். இரண்டு மூன்று வருஷக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள், அப்போதும் அதே பெயர் வந்தால் பேசுங்கள்.

வேலையை விட்டுப் போகிறவர்களிடம் காரணம் கேட்டுப் படிவம் வாங்குகிறோம். எல்லோரும் "சொந்தக் காரணம்" என்றே எழுதுகிறார்கள். உண்மையை எப்படி வாங்குவது?
- மனிதவள உதவியாளர், தடா

கணக்கு முடித்த பணமும் அனுபவச் சான்றிதழும் உங்கள் கையில் இருக்கும்போது யார் உண்மையை எழுதுவார்கள்? முதலில் அவருக்குச் சேர வேண்டியதை எல்லாம் கொடுத்துவிடுங்கள். பி.எஃப். கணக்கில் வெளியேறிய தேதியை உடனே பதிவு செய்யுங்கள். (கம்பெனி அதைச் செய்யாவிட்டால், இரண்டு மாதம் கழித்து ஊழியர் தானே ஆதார் ஓடிபி மூலம் போட்டுக்கொள்ளும் வசதி 2020 முதல் இருக்கிறது. இது உங்கள் பழைய ஊழியர்களுக்காகச் சொல்வது.) மூன்று மாதம் கழித்து, அவருக்கு மேலாளராக இல்லாத ஒருவர் போனில் கூப்பிட்டு "இப்போ எங்கே இருக்கீங்க, அங்கே என்ன நல்லா இருக்கு?" என்று கேட்கட்டும். "இங்கே என்ன மோசம்?" என்று கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

இன்க்ரிமென்ட் கொடுத்த மூன்று மாதத்தில் நல்ல ஃபிட்டர்கள் மூன்று பேர் போய்விட்டார்கள். சம்பளம் கூட்டியும் போகிறார்கள் என்றால் இனி என்னதான் செய்வது?
- ஆலை மேற்பார்வையாளர், வாளையார்

இந்தக் கடிதத்தைப் படித்தவுடன் என் சந்தேகம் ஒரே இடத்துக்குப் போயிற்று. அவர்கள் சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டியதா?

தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான ஈ.எஸ்.ஐ.-யில் சேர மாதச் சம்பள வரம்பு 2017 ஜனவரியில் 15,000-லிருந்து 21,000 ஆனது. அதைத் தாண்டினால் அட்டை போய்விடும். தொழிலாளி கட்டுவது சம்பளத்தில் 0.75 சதவீதம், 21,000-க்கு சுமார் 158 ரூபாய். கம்பெனி 3.25 சதவீதம் கட்டுகிறது. அந்த 158 ரூபாய்க்கு அவருடைய மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் தாய் தகப்பன் எல்லோருக்கும் மருத்துவம் கிடைத்துக்கொண்டிருந்தது. வீட்டில் சர்க்கரை வியாதியோ டயாலிசிஸோ இருந்தால், 800 ரூபாய் இன்க்ரிமென்ட் அந்தக் குடும்பத்துக்கு நஷ்டம். உங்கள் சம்பளப் பட்டியலில் அது உயர்வு, அவர் வீட்டு நோட்டில் அது செலவு. இதைக் கம்ப்யூட்டர் காட்டாது. யாருக்கு வீட்டில் என்ன வைத்தியம் நடக்கிறது என்று ஒருவர் விசாரித்திருந்தால் தெரிந்திருக்கும்.

தேதியிலும் விஷயம் இருக்கிறது. ஈ.எஸ்.ஐ.-யில் சந்தா காலம் இரண்டு: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். ஏப்ரல் 1 முதலே சம்பளம் வரம்பைத் தாண்டினால் அன்றே வெளியே. காலம் தொடங்கிய பிறகு, அதாவது மே மாதத்திலிருந்து, உயர்த்தினால் செப்டம்பர் முடிய அவர் உள்ளேயே இருப்பார். வரம்பைத் தாண்டியதா என்று பார்க்கும்போது ஓவர்டைம் பணத்தைச் சேர்ப்பதில்லை, ஆனால் சந்தா பிடிக்கும்போது சேர்ப்பார்கள். பல கணக்குப் பிரிவுகளில் இது தெரியாமல் ஓவர்டைம் செய்தவரை வெளியே தள்ளிவிடுகிறார்கள்.

20,000-க்கும் 23,000-க்கும் நடுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எடுங்கள். அவர்களுக்கு ஒன்று, வரம்பைத் தாண்டும்போது நன்றாகவே தாண்டும்படி கொடுங்கள். இல்லையென்றால் தாண்டும் அதே நாளில் குரூப் மெடிக்கல் பாலிசியில் சேருங்கள், அதில் பெற்றோரும் இருக்கிறார்களா என்று பாருங்கள். போன மூன்று பேரும் தொடர்பில் இருந்தால் கூப்பிட்டுக் கேளுங்கள். என் சந்தேகம் சரி என்றால் திரும்பி வரவும் வாய்ப்பு உண்டு.

அக்கா, எங்கள் பேக்கிங் கம்பெனியில் ஒரு சர்வே வந்திருக்கிறது. பெயர் எழுத வேண்டாம் என்கிறார்கள், ஆனால் பிரிவு, வயது, சேர்ந்த வருஷம், தாய்மொழி எல்லாம் கேட்கிறார்கள். படிவம் மலையாளத்தில் இருப்பதால் சூபர்வைசரே வாசித்துக் காட்டி நிரப்புகிறார். அதோடு டாய்லெட்டுக்குப் போகும் நேரத்தையும் இப்போது எழுதி வைக்கிறார்கள். உண்மையைச் சொல்லலாமா?
- பேக்கிங் தொழிலாளி, கொழிஞ்சாம்பாறை

வேண்டாம் தங்கச்சி. இந்தப் படிவத்தில் வேண்டாம்.

உங்கள் பிரிவில் 2019-ல் சேர்ந்த, 40 வயது தாண்டிய, தமிழ் பேசுகிற பெண் எத்தனை பேர்? ஒருவர்தான் என்றால் அந்தப் படிவத்தில் உங்கள் பெயரை எழுதியதற்குச் சமம். சூபர்வைசர் கேட்டு எழுதுவதால், சூபர்வைசரைப் பற்றிய கேள்விக்கு எல்லோரும் நல்ல பதிலே சொல்வீர்கள். மேலே உட்கார்ந்திருப்பவர்கள் அந்த அறிக்கையைப் பார்த்து "பெண்கள் சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்று நம்பிவிடுவார்கள். பொய்யான தகவல் கையில் இருப்பதைவிட ஒன்றுமே இல்லாமல் இருப்பது நல்லது, குறைந்தபட்சம் யாராவது நேரில் போய்க் கேட்பார்கள்.

2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. ஆனால் வேலை சம்பந்தப்பட்ட சில காரியங்களுக்கு ஊழியர் ஒப்புதல் இல்லாமலே தகவலைக் கையாள அந்தச் சட்டம் கம்பெனிக்கு இடம் கொடுக்கிறது. அதனால் சட்டத்தை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். நாலைந்து பேராகச் சேர்ந்து போய் மூன்று விஷயம் கேளுங்கள்: படிவம் தமிழிலும் வேண்டும், சூபர்வைசர் அந்த அறையில் இருக்கக் கூடாது, பத்துப் பேருக்குக் குறைந்த எந்தக் கூட்டத்தின் பதிலையும் தனியாகப் பிரித்துக் காட்டக் கூடாது. தனியாகப் போகாதீர்கள்.

டாய்லெட் நேரம் எழுதுவதைப் பற்றி நிர்வாகிகளுக்கு நேராகச் சொல்கிறேன். இதைச் செய்யாதீர்கள். உங்களுக்கு அதிலிருந்து எந்த அறிவும் கிடைக்காது. பெண்கள் ஷிப்ட் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பழகுவார்கள், நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வரும், அது வருகைப் பதிவேட்டில் "லீவு" என்று விழும், அப்புறம் லீவு ஏன் கூடியது என்று ஆராய ஒருவரை நியமிப்பீர்கள். எண்ண முடிகிறது என்பதற்காக எதையும் எண்ணிவிடலாம் என்று இல்லை. நான் வேலை பார்த்த காலத்தில் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன், இப்போதும் போடுவேன்.

எங்களுக்கு விசைத்தறிப் பட்டறை. நெய்கிறவர்களுக்கு மீட்டர் கூலி. மகன் படித்துவிட்டு வந்து மாதச் சம்பளமாக மாற்றினால் ஆள் தங்குவார்கள் என்கிறான். மாற்றலாமா?
- பட்டறை உரிமையாளர், நகரி

அமெரிக்காவில் கார் கண்ணாடி மாற்றும் ஒரு கம்பெனி 1994-95 வாக்கில் இதற்கு நேர் எதிராகச் செய்தது. மணிக் கூலியிலிருந்து கண்ணாடிக்கு இவ்வளவு என்று மாறினார்கள், கூடவே குறைந்தபட்சச் சம்பளத்துக்கும் உத்தரவாதம் கொடுத்தார்கள். எட்வர்ட் லேசியர் என்ற பொருளாதார அறிஞர் அந்தக் கம்பெனிக் கணக்கை ஆராய்ந்து 2000-ல் எழுதினார். ஆளுக்கு வேலை சுமார் 44 சதவீதம் கூடியிருந்தது. அதில் ஏறக்குறைய பாதிதான் அதே ஆட்கள் கூடுதலாகச் செய்தது. மீதி, வேகமான கைகள் விட்டுப் போகாமல் தங்கியதாலும், அப்படிப்பட்டவர்கள் புதிதாக வந்ததாலும். எனவே, மகன் சொல்கிறபடி மாதச் சம்பளமாக மாற்றினால் ஆள் தங்கலாம், ஆனால் எந்த ஆள் தங்குவார் என்று யோசியுங்கள்.

அதற்காக மகன் சொல்வதைத் தள்ளிவிடவும் மாட்டேன். கண்ணாடி மாற்றுகிறவரின் வேகம் அவர் கையில் இருக்கிறது. தறி அப்படியா? கரண்டு போகும், நூல் அறுந்துகொண்டே இருக்கும், தறி ரிப்பேராகி மேஸ்திரி வர மத்தியானம் ஆகும். அந்த நேரமெல்லாம் நெய்கிறவர் கூலியிலிருந்து போகிறது. ஒவ்வொரு தறிக்கும் ஒரு நோட்டு மாட்டி, நின்ற நேரமும் காரணமும் எழுதச் சொல்லுங்கள், ஒரு மாதம் போதும். தறி நின்றதற்கும் ஆள் போனதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று அப்பனும் மகனுமாக உட்கார்ந்து பாருங்கள். இருந்தால் மீட்டர் கூலியை வைத்துக்கொண்டே, தறி நிற்கும் நேரத்துக்கு ஒரு தொகையைக் கொடுங்கள். அதற்கு ஆகும் செலவைப் பார்த்தால் நல்ல நூல் வாங்கவும் மனசு வரும்.

ஸ்ரீசிட்டியில் வேலை பார்க்கிறேன். சம்பளத்தை ஒருவருக்கொருவர் சொல்லக் கூடாது என்று கம்பெனி விதி. புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு என்னைவிட அதிகம் என்று பஸ்ஸில் தெரிந்துகொண்டேன். அதிலிருந்து வேலையில் மனசே ஓடவில்லை. என் குணம்தான் சரியில்லையா?
- தர ஆய்வுப் பிரிவு ஊழியர், சத்தியவேடு

உங்கள் குணத்தில் ஒரு கோளாறும் இல்லை. 2008-ல் கலிபோர்னியாவில் ஒரு பத்திரிகை அரசு ஊழியர்கள் எல்லோருடைய சம்பளத்தையும் இணையத்தில் போட்டது. அந்த மாநிலப் பல்கலைக்கழகத்தில் சில ஊழியர்களுக்கு மட்டும் "இப்படி ஒரு பட்டியல் இருக்கிறது" என்று தெரியப்படுத்திவிட்டு, பிறகு எல்லோருடைய மனநிலையையும் ஆராய்ச்சியாளர்கள் விசாரித்தார்கள். ஆய்வு 2012-ல் வெளிவந்தது. தங்கள் பிரிவில் நடுச் சம்பளத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு மனக்குறை கூடியது, வேறு வேலை தேடும் எண்ணமும் வந்தது. மேலே இருந்தவர்களுக்கு அதனால் கூடுதல் சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. படித்த ஊரிலும் இதே மனசுதான்.

புதியவருக்குச் சந்தை விலை, பழையவருக்கு வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக உயர்வு. இப்படிப் போனால் நாலு வருஷத்தில் பழையவர் கீழே போய்விடுவார். பெரும்பாலும் யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை, யாரும் பட்டியலைப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான். நீங்கள் மேலாளரிடம் போகும்போது அந்தப் பெண்ணின் பெயரை எடுக்காதீர்கள், அவர் வேலைக்கு ஆபத்து. "என் வேலைக்கு இப்போது புதிதாகச் சேர்பவருக்கு ஆரம்பச் சம்பளம் என்ன?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதே கேள்வியை எழுத்தில் கேளுங்கள்.

எங்கள் எஸ்டேட்டில் லாபம் குறைந்ததால் இந்த வருஷம் போனஸைக் குறைக்க நினைக்கிறோம். சட்டப்படி கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிடுவோம். தொழிலாளர்கள் ஏற்றுக்கொள்வார்களா?
- எஸ்டேட் அலுவலக எழுத்தர், இடுக்கி மாவட்டம்

சட்டம் சொல்வது குறைந்தது 8.33 சதவீதம், கூடியது 20. ஆனால் கொழுந்து கிள்ளுகிறவர் சட்டப் புத்தகத்தை வைத்து அளக்க மாட்டார், போன வருஷம் வாங்கியதை வைத்துத்தான் அளப்பார். அந்தப் பணம் வருவதற்கு முன்பே பிள்ளையின் கல்லூரிக் கட்டணமாகவும் சீட்டுக் கடனாகவும் பிரித்து வைக்கப்பட்டிருக்கும்.

2015 செப்டம்பரில் மூணாறில் நடந்ததை உங்கள் அலுவலகத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அப்போது நாள் கூலி 232 ரூபாய். போனஸ் 10 சதவீதம் என்று அறிவித்ததும் தமிழ்ப் பெண்கள் ஆயிரக்கணக்கில் ரோட்டில் உட்கார்ந்தார்கள். தொழிற்சங்கத் தலைவர்களையே பக்கத்தில் சேர்க்கவில்லை. பெண்பிளை ஒருமை என்ற பெண் தொழிலாளர்களின் அமைப்பு பிறந்தது அப்படித்தான். கடைசியில் 8.33 போனஸ், 11.67 கருணைத்தொகை என்று மொத்தம் 20 சதவீதம் கொடுத்து முடித்தார்கள். அதற்கு முந்தைய நாள் வரை வருகைப் பதிவேட்டில் அந்தக் கோபம் எந்தக் கட்டத்திலும் தெரிந்திருக்காது. போவதற்கு வேறு வேலை இல்லாத இடத்தில் ஆள் வேலையை விட மாட்டார். லயத்து வீடும் வேலையோடு சேர்ந்தது, வேலையை விட்டால் வீடும் போகும். அதனால் எஸ்டேட்டில் "யாரும் போகவில்லை" என்ற எண்ணைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம்.

குறைத்தே ஆக வேண்டும் என்றால், நோட்டீஸ் ஒட்டுவதற்கு முன்பே கணக்கை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போங்கள். தேயிலை என்ன விலைக்குப் போனது, அதிகாரிகளுக்குக் கொடுக்கும் படித்தொகை எவ்வளவு குறைந்தது இரண்டையும் தமிழில் எழுதிக் காட்டுங்கள். இரண்டாவது எண் பூஜ்யம் என்றால், போகாதீர்கள். முதலில் அதைக் குறைக்கச் சொல்லி மேலே எழுதுங்கள்.